எஃப்எம்ஆர்ஐ முடிந்த கையோடு காபா அளக்கலாமா?

கேள்வி: 3 டெஸ்லா ஸ்கேனரில் முதலில் 20 நிமிடம் எஃப்எம்ஆர்ஐ (மூளை இயங்குவதைப் படமெடுக்கும் ஸ்கேன்), அடுத்து மெகா-பிரஸ் என்ற எம்ஆர் நிறமாலை முறையில் காபா (நரம்புச் செல்களின் செயலைத் தணிக்கும் மூளை வேதிப்பொருள்) அளக்கிறேன். பத்து நிமிடத்துக்குள் நீரின் அதிர்வெண் 12 ஹெர்ட்ஸ் நகர்ந்துவிடுகிறது. மென்பொருளில் எல்லா ஸ்பெக்ட்ரங்களையும் (சிக்னலை அதிர்வெண் வாரியாகக் காட்டும் வரைபடங்கள்) நேர்ப்படுத்திவிட்டேன். போதுமா?
– ஓர் ஆய்வு மாணவி

போதாது. பாதிப் பிழைதான் தீர்ந்திருக்கிறது.

எஃப்எம்ஆர்ஐ ஓடும்போது ஸ்கேனரின் கிரேடியன்ட் சுருள்களோடு, காந்தப் புலத்தைச் சீராக்கப் பதித்திருக்கும் இரும்புத் துண்டுகளும் சூடாகின்றன. சூடேறினால் இரும்பின் காந்தத்தன்மை மாறும், புலமும் கூடவே நகரும். நீங்கள் காபா அளப்பது அந்த இரும்பு ஆறிக்கொண்டிருக்கும் நேரத்தில். ஸ்பெக்ட்ரத்தில் சிகரங்களின் இடத்தை பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில் சொல்வோம்; 3 டெஸ்லாவில் ஒரு பிபிஎம் சுமார் 128 ஹெர்ட்ஸ். உங்கள் நகர்வு ஏறக்குறைய 0.1 பிபிஎம்.

காபாவின் 3.0 பிபிஎம் சிகரம் கிரியேட்டின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளின் பெரிய சிகரத்துக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. 1.9 பிபிஎம்மில் எடிட்டிங் பல்ஸ் (காபாவின் சிகரத்தை மாற்றி, கிரியேட்டினைத் தொடாத ரேடியோ துடிப்பு) கொடுத்து ஒரு முறை, அதை எட்டத் தள்ளிவைத்து ஒரு முறை என எடுத்துக் கழித்தால் கிரியேட்டின் மறையும், காபா மிஞ்சும். நடுவில் அதிர்வெண் நகர்ந்தால் கிரியேட்டின் முழுதாகக் கழியாது. 3.2 பிபிஎம்மில் கோலின் என்ற வேதிப்பொருளின் சிகரம் மேலும் கீழுமாக ஒரு நெளிவாகத் தெரிகிறதா பாருங்கள், அதுதான் அடையாளம். இதை நேர்ப்படுத்தல் சரிசெய்துவிடும்.

ஆனால் பல்ஸ் தவறான இடத்தில் விழுந்தது விழுந்ததுதான். புலம் 0.1 பிபிஎம் கூடினால் பல்ஸ் 1.8-இல் விழும். 1.7-இல் புரதங்களின் சிக்னல் இருக்கிறது. பல்ஸ் அதை நெருங்க நெருங்க, காபா என்று நீங்கள் எண்ணுவதில் புரதத்தின் பங்கு கூடும். 1.9, 1.5 என இரு பக்கமும் பல்ஸ் கொடுத்துப் புரதத்தை நீக்கும் முறையில் இந்தச் சமநிலை இன்னும் எளிதில் குலையும்.

இனி காபாவை முதலில் எடுங்கள், எஃப்எம்ஆர்ஐ, டிடிஐ (நரம்பிழைகளைக் காட்டும் ஸ்கேன்) எல்லாம் பிறகு. முடியாதென்றால், இடையிடையே நீர் சிக்னலை எடுத்து அதிர்வெண்ணை அங்கேயே திருத்தும் வசதி உங்கள் சீக்வென்ஸில் (ஸ்கேனர் ஓட்டும் நிரலில்) உண்டா என்று கேளுங்கள்.

எடுத்த தரவைத் தூக்கிப் போட வேண்டாம். ஒவ்வொருவருக்கும் நீரின் அதிர்வெண்ணை நேரத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள். வழுக்கிச் செல்லும் சரிவு புல நகர்வு; திடீர்க் குதிப்பு பெரும்பாலும் தலை அசைவு. நோயாளிகள், மற்றவர்கள் என இரு குழுக்களை ஒப்பிடும் ஆய்வென்றால், பிறகு இரு குழுக்களின் நகர்வையும் ஒப்பிடுங்கள். எனக்குக் கவலை இங்கேதான். நோயாளிகளைப் பரபரப்பான வேலைநாளில் சூடான ஸ்கேனரிலும், மற்றவர்களை ஞாயிறு காலை ஆறிய ஸ்கேனரிலும் எடுத்திருந்தால், கிடைத்த காபா வித்தியாசம் மூளையுடையதா, இரும்பினுடையதா என்று சொல்லவே முடியாது. நகர்வின் அளவைப் புள்ளியியல் மாதிரியில் சேருங்கள், கட்டுரையிலும் அதைக் குறிப்பிடுங்கள்.