பித்துக்கும் தெளிவுக்கும் நடுவே எத்தனை முழம்?

கேள்வி: ஊரே நம்புவதை ஒருவன் மட்டும் மறுத்தால் அவனைப் பைத்தியம் என்கிறார்கள். தெளிவு என்பது வெறும் பெரும்பான்மைக் கணக்குதானா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: உலகத்தார் உண்டென்பதை இல்லென்பவன் பேயாக 'வைக்கப்படும்' என்கிறது 850-ஆம் குறள். வைப்பது உலகம்தான். (அவனைக் கண்டிக்கப் பாடிய குறள் அது என்பது வேறு விஷயம்.) மருத்துவமும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் ஏற்கிறது. ஒரு சமூகம் வழக்கமாக நம்புவதை அந்தச் சமூகத்து ஆளும் நம்பினால், மருத்துவர் அதை மட்டும் வைத்து நோய் என்று எழுதமாட்டார். ஆனால் கூட்டத்தை முழுக்க நம்பவும் முடியாது. 1851-இல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், அடிமைகள் தப்பியோடுவதையே ஒரு மனநோயாக எழுதிவைத்தார்.

ஆகவே எதை நம்புகிறார் என்பதைவிட எப்படி நம்புகிறார் என்று பார்க்கிறார்கள். மனைவிமேல் சந்தேகப்படும் கணவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் காட்டும் சாட்சி இது: "காலையில மூணு முழம் மல்லி வாங்கினா, சாயங்காலம் தலையில ரெண்டரை முழந்தான் இருக்கு." பூக்காரம்மா கையால் அளந்த முழம் என்று சொன்னால் அவளும் கூட்டு என்பார். நாளைக்கே அந்த மனைவிக்கு உண்மையில் வேறொரு உறவு இருந்ததாகத் தெரியவந்தாலும் இது நோய்தான். 1913-இல் ஜெர்மானிய மனநல மருத்துவரும் தத்துவவாதியுமான கார்ல் யாஸ்பர்ஸ் இதைத் தெளிவாகச் சொன்னார்: நம்பிக்கை தற்செயலாக உண்மையாகிவிடுவதால் பிறழ்வு (நோயால் வரும் அசைக்க முடியாத நம்பிக்கை) பிறழ்வாக இல்லாமல் போகாது. முடிவு முதலில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. காரணங்கள் பிறகு தேடிப் பிடிக்கப்படுகின்றன. எதைக் காட்டினால் மனதை மாற்றிக்கொள்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். 'எதைக் காட்டினாலும் இல்லை' என்ற பதிலோடு தூக்கம், சாப்பாடு, வேலையும் கெட்டிருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம்.

கேள்வி: சாமியாடுவதும் மனநோயும் ஒன்றா?
- வாசகி, மேலூர்

பதில்: இல்லை. சாமியாட்டத்துக்கு நேரமும் இடமும் உண்டு. கொட்டுச் சத்தத்தில் வரும், திருநீறு பூசித் தண்ணீர் கொடுத்தால் மலையேறும். மறுநாள் அவர் வழக்கம்போல வேலைக்குப் போவார். மருத்துவ வகைப்பாடும் இதை நோயில் சேர்ப்பதில்லை. திருவிழா முடிந்தும் மலையேறாமல், இரவெல்லாம் தூங்காமல், அதட்டும் குரல்கள் கேட்டு மிரண்டால் அது வேறு. நேர்த்திக்கடனும் மருந்தும் சேர்ந்தே நடக்கலாம், சண்டை இல்லை. சங்கிலி மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் பிடித்த தீயில் 28 பேர் இறந்தது, கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல்தான். 2017 மனநலச் சட்டம், 95-ஆம் பிரிவில், சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்திருக்கிறது.

கேள்வி: ஆறு வருடம் முன்பு மனநல சிகிச்சை பெற்ற என் அண்ணன், பாகப்பிரிவினைப் பத்திரத்தில் போடும் கையெழுத்து செல்லாது என்கிறார் சித்தப்பா. சரியா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: தவறு. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, ஆளைப் பார்த்து முத்திரை குத்துவதில்லை. கையெழுத்திடும் நேரத்தைப் பார்க்கிறது. மனநல விடுதியில் இருப்பவர்கூட, இடையிடையே தெளிந்திருக்கும்போது ஒப்பந்தம் செய்யலாம் என்று அந்தப் பிரிவே உதாரணம் தருகிறது. மறுபக்கம், காய்ச்சலில் பிதற்றுபவரும் நிலைதெரியாமல் குடித்திருப்பவரும் அந்த நேரத்துக்குச் சித்தசுவாதீனம் இல்லாதவர்கள். உங்கள் சித்தப்பாவுக்கும் இது பொருந்தும்! முன்பு சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே இப்போது நோய் என்று சொல்லக் காரணமாகாது என்கிறது 2017 சட்டத்தின் 3-ஆம் பிரிவு.

ஆனால் வழக்கு என்று வந்தால் நிரூபிப்பதில்தான் சறுக்கும். 'நலமாக உள்ளார்' என்ற மொட்டைச் சான்றிதழ் உதவாது. பதிவுக்கு முந்தைய வாரத்தில், அவரைப் பார்க்கும் மனநல மருத்துவரிடம், 'இந்தப் பாகப்பிரிவினையை இவர் புரிந்துகொள்கிறார்' என்று தேதியோடு வாங்குங்கள். பத்திர நகலை அண்ணனிடம் இரண்டு மூன்று நாள் முன்பே கொடுங்கள். எந்த சர்வே எண், எத்தனை சென்ட், யாருக்கு எது, தனக்கு எது போகிறது என்று அவரே தன் வார்த்தையில் சொல்லட்டும். மருந்தின் அளவு மாறிய வாரத்தில் பதிவு வேண்டாம். அரைத்தூக்கத்தில் இருப்பவரைக் கண்டு சார்பதிவாளருக்குச் சந்தேகம் வந்தால் 1908 பதிவுச் சட்டத்தின் 35-ஆம் பிரிவுப்படி மறுத்துவிடலாம். பங்கு இல்லாத இருவர் சாட்சியாக இருப்பது நல்லது. கிணற்றடி நஞ்சையை விட்டுவிட்டு மானாவாரிக் காட்டை அவர் கேட்டால் பதறாதீர்கள். காரணம் சொல்லத் தெரிந்தவரைக்கும் அது அவருடைய விருப்பம்.

கேள்வி: தனக்குப் பைத்தியமோ என்று சந்தேகப்படுபவருக்குப் பைத்தியம் இருக்காதாமே?
- வாசகர், வாடிப்பட்டி

பதில்: ஆறுதலுக்குச் சொல்வது. நோயின் தொடக்கத்தில் 'எனக்கு என்னமோ ஆகுது' என்று பலர் உணர்கிறார்கள்; அப்போது போனால்தான் வைத்தியம் எளிது. அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இரவிலும் பேசலாம், தமிழிலேயே.