கல்யாணத்தைப் படிக்க ஒரு காலேஜா?

கேள்வி: குடும்ப உறவியல் படிக்கப் போவதாக என் மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். கல்யாணம் ஆனால் தானே தெரிந்துவிடுகிற விஷயத்துக்குப் பட்டம் எதற்கு? இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?
– ஒரு தகப்பனார்

பதில்: தானே தெரிந்துவிடும் என்றால், முப்பது வருஷம் குடித்தனம் செய்தவர்களும் ஒரே சண்டையை ஏன் ஐயா திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்? தம்பதிகளின் பிணக்குகளில் 69 சதவீதம் தீராமல் தொடர்பவை என்று கணக்குச் சொன்னவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன். 1986-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வீடு மாதிரியே ஒரு ஆய்வுக்கூடம் அமைத்து, தம்பதிகளைத் தங்கவைத்துக் கேமராவில் கவனித்தவர். சத்தம் போடுவதைவிட எகத்தாளம்தான் ஆபத்து என்பது அவர் கண்டது. துணை பேசும்போது உதட்டைச் சுழிக்கிறோமே, அதுதான்.

வேலைக்கு வருவோம். இளங்கலையோடு நின்றால் ஆலோசகர் என்று பலகை மாட்ட முடியாது. குழந்தைகள் நலம், முதியோர் பராமரிப்பு, தொண்டு நிறுவனங்கள் என்று போகலாம். தம்பதிகளை உட்கார வைத்துப் பேச முதுகலை வேண்டும். அதற்கு மேலும் மூத்த ஆலோசகரின் மேற்பார்வையில் நூற்றுக்கணக்கான மணி நேரம் பயிற்சி. கலிபோர்னியா 1963-லேயே இந்தத் தொழிலுக்கு உரிமச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. குடும்ப நீதிமன்ற சமரசம், மருத்துவமனை, பள்ளி, ஆராய்ச்சி என்று வேறு வாசல்களும் உண்டு. சம்பளம் கொட்டாது. நாள் முழுக்க அடுத்தவர் சண்டையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உங்களோடு சிரித்துப் பேசவும் தெம்பு வேண்டும். மகளிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். (படித்தால் அவள் கல்யாணம் இனிக்கும் என்று கல்லூரி விளம்பரம் சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.)

இன்னொன்று. இந்தப் படிப்பில் குடும்ப வரைபடம் போடச் சொல்வார்கள். மூன்று தலைமுறை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பேச்சுவார்த்தை அறுந்த இடத்தில் கோட்டை வெட்டிக் காட்ட வேண்டும். பெரும்பாலும் மாணவர் முதலில் வரைவது சொந்தக் குடும்பத்தைத்தான். உங்கள் சதுரத்திலிருந்து எத்தனை கோடுகள் வெட்டுப்பட்டிருக்கின்றன என்று இப்போதே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், மகள் வந்து கேட்பாள்.