கிரகணக் கண்ணாடி இல்லாமல் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலிலிருந்தே சூரிய கிரகணம் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் சூரியனைப் பார்த்தல்ல, அதன் பிம்பத்தைப் பார்த்து.

2019 டிசம்பர் 26 காலை யாழ்ப்பாணம், திருகோணமலைப் பக்கம் கிரகணம் வளையமாகத் தெரிந்தது. நமக்கு மலையகத்தில் பிறைதான். அன்று எங்கள் காம்பராவுக்குள், அதாவது லயத்து அறைக்குள், தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே விழுந்த வெளிச்சம், சிமெந்துத் தரையில் சின்னச் சின்னப் பிறைகளாகக் கிடந்தது. வழக்கமாக அவை வட்டப் பொட்டுகள். அம்மா விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

சிறு துளை வழியே வரும் ஒளி சூரியனின் உருவத்தைத் தலைகீழாக வரையும். துளைக்கும் தரைக்கும் 3 மீற்றர் இருந்தால் பிறை ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் வரும். ஓட்டை இல்லாத கூரையா? அட்டையில் ஊசியால் குத்தி, முதுகைச் சூரியனுக்குக் காட்டி நின்று, நிழலை வெள்ளைத் தாளில் விழுத்துங்கள். மரத்தடியில் இலை இடுக்குகளே இந்த வேலையைச் செய்யும்.

நம்ம ஊர் மூடுபனியை மட்டும் நம்பாதீர்கள். வெயில் மங்கிக் கண் கூசாமல் இருந்தாலும் கதிர்கள் உள்ளே போகும். விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டது பிறகுதான் புரியும். எக்ஸ்ரே படம், புகை பிடித்த கண்ணாடி, சிடி எதுவும் வேண்டாம். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். நேராகவே பார்க்க வேண்டுமென்றால், ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள கிரகணக் கண்ணாடி அல்லது 14ஆம் இலக்க வெல்டிங் கண்ணாடி.