டாட்ஜர்ஸ் 7, யாங்கீஸ் 6: ஸ்கோர்கார்டு பத்தி நீங்க கேட்டது

2024 வேர்ல்ட் சீரிஸ் (அமெரிக்க பேஸ்பால் ஃபைனல் தொடர்) அஞ்சாவது மேட்ச் பத்தி இன்னும் கேள்வி வந்துட்டே இருக்கு. நம்ம ஊர்ல அது தீபாவளி காலை, முக்காவாசி பேரு போன்ல ஸ்கோர் மட்டும் பாத்திருப்பீங்க போல, வந்த டவுட்டு பூரா ஸ்கோர்கார்டு டவுட்டு தான்.

கே: யாங்கீஸ் பிட்சர் (பந்து எறியறவர்) கெரிட் கோல் 6.2 இன்னிங்ஸ்ல 5 ரன் குடுத்திருக்காரு, ஆனா எர்ன்ட் ரன் (பிட்சர் தப்புன்னு எண்ணற ரன்) 0ன்னு போட்டிருக்கே?

அஞ்சாவது இன்னிங்ஸ் ஆரம்பிக்கும்போது யாங்கீஸ் 5-0 லீட், கோல் அதுவரைக்கும் ஒரு ஹிட் (அடிச்சு பேஸை பிடிக்கறது) கூட விடல. டாட்ஜர்ஸோட கீக்கே ஹெர்னாண்டஸ் சிங்கிள் (ஒரு பேஸ் ஹிட்) அடிச்சாரு. அடுத்து எட்மன் தூக்கி அடிச்சது நேரா யாங்கீஸ் ஃபீல்டர் ஆரோன் ஜட்ஜ் கைக்கே போச்சு, மனுஷன் விட்டுட்டாரு. அப்புறம் வில் ஸ்மித் அடிச்ச கிரவுண்டரை (தரையோட போற பந்து) எடுத்த யாங்கீஸ் வோல்பி மூணாவது பேஸுக்கு எறிஞ்சது தரையில குத்திடுச்சு. மூணு பேஸ்லயும் ஆளு, அவுட் ஒண்ணு கூட இல்ல. இப்ப ஸ்கோரர் இந்த ரெண்டு எரரும் (ஃபீல்டிங் தப்பு) நடக்கலன்னு வெச்சுகிட்டு திரும்ப எண்ணுவாரு: எட்மன் ஒண்ணு, மூணாவது பேஸுக்கு ஓடின ரன்னர் ரெண்டு, அடுத்து ஸ்ட்ரைக் அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல அவுட்) ஆன லக்ஸ் மூணு. மூணு அவுட்டோட இன்னிங்ஸ் அங்கயே முடிஞ்சிருக்கணும், அதனால அப்புறம் வந்த 5 ரன்னும் பிட்சர் தலைல விழாது. 6.2 இன்னிங்ஸ்ங்கறதை நம்ம ஓவர் மாதிரியே படிங்க, 6 முழு இன்னிங்ஸ், மேல 2 அவுட்.

கே: அப்ப கோல் மேல தப்பே இல்லையா?

ஏன் இல்ல, ஸ்கோர்கார்டுல தான் தெரியாது. லக்ஸையும் ஒதானியையும் ஸ்ட்ரைக் அவுட் பண்ணி கிட்டத்தட்ட தப்பிச்சுட்டாரு, அப்ப மூக்கி பெட்ஸ் அடிச்ச பந்து சுத்திகிட்டே முதல் பேஸ் ரிஸ்ஸோகிட்ட போகுது, பிட்சர் ஓடிப்போய் பேஸை கவர் பண்ணணும், இவரு பாதில நின்னு நீங்களே போய் மிதிங்கங்கற மாதிரி விரலை நீட்டுறாரு. பெட்ஸ் முந்திட்டாரு, ஒரு ரன். பந்தை யாரும் நழுவ விடல, அதனால எரர் கிடையாது, பெட்ஸ் பேர்ல ஹிட். அப்புறம் ஃப்ரீமன் சிங்கிள்ல 2, டியோஸ்கர் ஹெர்னாண்டஸ் டபுள்ல (ரெண்டு பேஸ் ஹிட்) 2, ஸ்கோர் 5-5. என்னை கேட்டா ஜட்ஜ் விட்ட கேட்ச்சை விட இது தான் மோசம்.

கே: யாங்கீஸ் பிட்சர்கள்ல 8வதுல ரன் விட்டது வீவர், ரெக்கார்டுல தோல்வி மட்டும் கேன்லி பேர்லயா?

ஒரு அவுட் கூட எடுக்காம மூணு பேஸையும் நிரப்பிட்டு போனது கேன்லி. வீவர் வந்தப்புறம் லக்ஸும் பெட்ஸும் சாக்ரிஃபைஸ் ஃப்ளை (தான் கேட்ச் ஆகி ரன்னரை ஓட வைக்கற அடி) அடிச்சு ஆளுக்கு ஒரு ரன் கொண்டு வந்தாங்க. ரன்னரை ஏத்தி விட்டவர் யாரோ அவர் கணக்குல தான் எழுதுவாங்க. வீவர் பாவம், ஆனா ரெக்கார்டுல தப்பிச்சாரு.

கே: டாட்ஜர்ஸ் பிட்சிங்கை ஸ்டார்ட் பண்ணது ஃப்ளாஹர்ட்டி, ரெக்கார்டுல வின் ட்ரைனனுக்கா?

ஃப்ளாஹர்ட்டி 4 அவுட்டோட கிளம்பிட்டாரு. டீம் கடைசியா லீட் எடுக்கும்போது யாரு பிட்சரோ அவருக்கு தான் வின். ட்ரைனன் 2.1 இன்னிங்ஸ், 42 பந்து. 8வதுல ஜட்ஜ் டபுள், சிஸம் வாக் (நாலு தப்பான பந்தால ஃப்ரீயா முதல் பேஸ்), டாட்ஜர்ஸ் மேனேஜர் ராபர்ட்ஸ் நடந்து வந்து ட்ரைனன் நெஞ்சு மேல கைய வெச்சு பாத்துட்டு மாத்தாமலே திரும்பி போனாரு. அடுத்து ஸ்டான்டன் முதல் பந்துலயே கேட்ச், ரிஸ்ஸோ ஸ்ட்ரைக் அவுட். 9வதுக்கு வந்த ப்யூலர் ரெண்டு நாள் முன்னாடி மூணாவது மேட்ச்சை ஸ்டார்ட் பண்ண ஆளு, லீடை கடைசி வரைக்கும் காத்ததுக்கு அவருக்கு சேவ்.

கே: டாட்ஜர்ஸ் ஸ்டார் ஒதானி என்ன தான் பண்ணாரு?

சீரிஸ் முழுக்க 19 தடவை பேட் பண்ணதுல 2 ஹிட். ரெண்டாவது மேட்ச்ல தோள்பட்டை விலகிடுச்சு, அதோட தான் ஆடினாரு.

கே: ஃப்ரீமன் இந்த மேட்ச்ல ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிக்கலயே, எப்படி எம்.வி.பி (தொடர் நாயகன்)?

முதல் 4 மேட்ச்லயும் அடிச்சாரே! அந்த 2 ரன் சிங்கிளோட சேத்து சீரிஸ்ல 12 ஆர்.பி.ஐ (அவர் அடிச்சதால டீமுக்கு வந்த ரன்). 1960ல பாபி ரிச்சர்ட்சன் வெச்ச ரெக்கார்டும் அதே 12 தான், அவரு யாங்கீஸ்காரர், அவருக்கு 7 மேட்ச் ஆச்சு.