உடைந்த கோப்பைகள்

அன்புள்ள ஐயா,

அதிகம் பேரால் கவனிக்கப்படாத பழைய காதல் படம் என்று நீங்கள் சொன்ன 'ஒன் வே பாசேஜ்' (1932) பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான், அலுக்கவில்லை. ஆனால் சாகப்போகிற நாயகிக்கு ஒரு முடிகூடக் கலையவில்லை. நோயை இப்படி அழகாகக் காட்டுவது ஏமாற்று வேலை இல்லையா?

க.

அன்புள்ள க.,

ஏமாற்றுதான். கே பிரான்சிஸ் மயங்கி விழுந்தாலும் உடை கசங்காது. வார்னர் பிரதர்ஸ் நட்சத்திரம், கசங்க விடுவார்களா?

ஆனால் இயக்குநர் டே கார்னெட் நோயைப் பற்றிப் படம் எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஹாங்காங்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகும் கப்பல். அவளுக்கு நாள் எண்ணியாகிவிட்டது. நாயகன் வில்லியம் பவலுக்கும்தான்: கொலைக் குற்றவாளி, கரை சேர்ந்தால் தூக்கு, கூடவே காவலுக்கு ஒரு போலீஸ்காரர். இரண்டு பேருமே தங்கள் சாவை மற்றவரிடமிருந்து மறைக்கிறார்கள். நம் 'நெஞ்சில் ஓர் ஆலய'த்தில் நோயாளி ஒருவர், சுற்றி நின்று உருக மற்றவர்கள். இங்கே உருகுவதற்கு ஆளே மிச்சமில்லை. அதனால்தான் படத்தில் பாதி நேரம் திருட்டுக் கூட்டத்தின் கூத்து. போலிச் சீமாட்டியாக வரும் அலைன் மக்மஹோனுக்காகவே நான் இரண்டு முறை பார்த்தேன்.

ஹொனலூலு காட்சியைக் கவனித்தீர்களா? தப்பித்துப் போக எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது. அவள் மயங்கி விழுகிறாள். அவளைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்கே திரும்பி வருகிறான். அவள் பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லித்தான் அவனுக்குத் தெரிகிறது. அவன் கதையும் பிற்பாடு அவள் காதுக்கு வந்துவிடுகிறது. அப்புறம் விடைபெறும் காட்சி. புத்தாண்டுக்கு முந்தின இரவு மெக்சிகோவின் அகுவா காலியந்தேயில் சந்திப்போம் என்கிறார்கள், நடக்காது என்று இருவருக்கும் தெரிந்தே.

படுக்கையில் கிடப்பவரிடம் அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேசுவோமே, அவரும் நமக்காக "ஆமாம், ஆமாம்" என்பாரே, அதேதான் இது. தலைமுடி பொய்யாக இருக்கட்டும், இந்தப் பேச்சில் பொய் இல்லை.

இந்தக் கதைக்காக ராபர்ட் லார்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. 1940இல் மெர்ல் ஓபரானை வைத்து மறுபடியும் எடுத்தார்கள். முதல் படம் என்னவோ மறந்துதான் போயிற்று.

சரி, முடிவைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே. குடித்ததும் கோப்பைகளை உடைத்துக் காம்புகளைக் குறுக்காக வைப்பது அவர்கள் வழக்கம். புத்தாண்டு இரவு, மதுக்கூடத்தில் கண்ணாடி உடையும் சத்தம். பரிமாறுகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். இரண்டு காம்புகள் குறுக்காகக் கிடக்கின்றன. பக்கத்தில் யாரும் இல்லை.