ஐபாடுக்குள் அடைபட்ட வில்லுப்பாட்டு

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கொடையில் நான் பதிவு செய்த வில்லுப்பாட்டு, இப்போது பழைய ஐபாட் கிளாசிக் என்ற பாட்டுக் கருவியில் மட்டுமே இருக்கிறது. அதைப் புதிய கணினிக்கு மாற்ற, ஐபாடைக் கணினியுடன் இணைக்கும் ஐடியூன்ஸ் மென்பொருளில் வழி உண்டா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: நேர்வழி இல்லை. ஐடியூன்ஸின் இணையக் கடையில் வாங்கிய பாடல்களைத் தவிர மற்றவற்றைக் கருவியிலிருந்து கணினிக்கு இறக்க அம்மென்பொருள் இடம் தருவதில்லை. பென் டிரைவில் போடுவதுபோல் பாடலை இழுத்துப் போட்டாலும் ஐபாட் பாடாது. ஐடியூன்ஸ் எழுதிவைக்கும் தரவுத்தளத்தில் பதிவானவற்றை மட்டுமே அது பாடலாக அறியும். கருவியைக் காசு கொடுத்து வாங்கியவருக்கு இது அநியாயமான கட்டுப்பாடு என்பதே என் கருத்து.

ஆனால் ஒரு சுற்றுவழி உண்டு. முதலில் ஓர் எச்சரிக்கை: புதிய கணினியில் இணைத்ததும் 'அழித்துவிட்டு ஒத்திசைக்கவா?' என்று மென்பொருள் கேட்டால் சம்மதிக்காதீர்கள். ஐபாட் ஒரு டிரைவாகத் தெரியும்போது, விண்டோஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் செய்து, 'ஐபாட் கன்ட்ரோல்' கோப்புறைக்குள் உள்ள 'மியூசிக்' கோப்புறையை அப்படியே நகலெடுங்கள். கோப்புகள் எல்லாம் பொருளற்ற நான்கெழுத்துப் பெயர்களுடன் கிடக்கும். எது சுடலைமாடன் கதை, எது இசக்கியம்மன் கதை என்பது, முன்பு நீங்கள் தலைப்பு இட்டிருந்தால், கோப்பினுள்ளேயே இருப்பதால் கணினியில் இயக்கும்போது தெரிந்துவிடும். தலைப்பு இடாதவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும்.