இரண்டாவது டேங்க் வைக்கலாம். டீசல் எங்கே திரும்பிப் போகும்?

ஓசூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் 2014ஆம் ஆண்டு மஹிந்திரா தார் சிஆர்டிஇ இருக்கிறது. மணாலி வழியாக லே போக ஆசை. பின்னால் 40 லிட்டரில் இன்னொரு டீசல் டேங்க் வைத்துக் கொடுக்கப் பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டார். இரண்டு டேங்கிலிருந்தும் வரும் குழாய்களை ஒரு டீ ஜாயின்டில் சேர்த்து, இரண்டுக்கும் தனித்தனி வால்வு போட்டால் வேலை முடிந்தது என்கிறார். சரிதானா?"

சரியில்லை. டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் வழியை மட்டும்தான் அவர் யோசித்திருக்கிறார். எஞ்சினிலிருந்து டேங்குக்குத் திரும்பும் வழியை மறந்துவிட்டார்.

டீசல் எஞ்சின் வாங்கியதையெல்லாம் எரித்துவிடுவதில்லை. உங்கள் சிஆர்டிஇ போன்ற காமன் ரெயில் எஞ்சினில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக்குழாயிலிருந்து டீசல் போகும் வகை) ஆயிரம் பாருக்கு மேல் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தம் ஏற்றும் பம்ப், மிஞ்சிய டீசலைச் சூடாகவே ரிட்டர்ன் குழாயில் திருப்பி அனுப்பும். எரிவதைவிடத் திரும்புவது அதிகமாக இருக்கும் நேரங்களும் உண்டு. ஒரு கணக்குக்காக, மணிக்கு 7 லிட்டர் எரிகிறது, 30 லிட்டர் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் புது டேங்கின் வால்வைத் திறக்கிறீர்கள். ரிட்டர்னோ பழைய டேங்கிலேயே விழுகிறது. புது டேங்கிலிருந்து மணிக்கு 37 லிட்டர் வெளியேறும். பழைய டேங்கில் 10 லிட்டருக்குத்தான் இடம் இருந்தால் இருபதாவது நிமிடத்தில் அது நிரம்பி, காற்றுக்குழாய் வழியாகச் சாலையில் ஒழுகத் தொடங்கும். இப்படி ஒழுகிய ஒரு ஜீப்புக்குப் பின்னால் மலைப்பாதையில் ஒருமுறை பைக் ஓட்டியிருக்கிறேன். கொண்டை ஊசி வளைவில் டீசல் சிந்திய தார்ச்சாலை என்ன செய்யும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

டீ ஜாயின்டில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. மறதியாக இரண்டு வால்வும் திறந்தே கிடந்தால், எந்த டேங்க் முதலில் காலியாகிறதோ அதன் வழியாக எஞ்சின் காற்றை உறிஞ்சும். பக்கத்து டேங்க் நிறைய டீசல் இருந்தும் வண்டி நின்றுவிடும். பிறகு பானெட்டைத் திறந்து, காற்று முழுவதும் வெளியேறும்வரை கைப்பம்பை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

முறையாகச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. முதலாவது ஆறு வாய் கொண்ட மோட்டார் வால்வு. டேஷ்போர்டில் ஒரு சுவிட்சைத் தட்டினால் போகும் குழாய், திரும்பும் குழாய் இரண்டும் சேர்ந்தே மாறும். எந்த டேங்கிலிருந்து எடுக்கிறதோ அதிலேயே ரிட்டர்ன் விழும். இரட்டை டேங்க் வைத்த பழைய ஃபோர்டு பிக்கப்களில் இந்த ஏற்பாடுதான் இருந்தது. நல்ல வால்வுதான். ஆனால் அதில் ஒரு சீல் கசிந்தாலும் ஓடும் எஞ்சின் நிற்கும். ஊரைச் சுற்றும் வண்டிக்கு அது பெரிய குறையில்லை. அடுத்த மெக்கானிக் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பாதைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வழி. எஞ்சினுக்குப் போகும் குழாயையும் ரிட்டர்னையும் தொடவே தொடாதீர்கள். புது டேங்கை வெறும் கிடங்காக வைத்துக்கொண்டு, 12 வோல்ட் சிறு பம்ப் ஒன்றால் அதிலுள்ள டீசலைப் பழைய டேங்குக்கு மாற்றுங்கள். டீசல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் தடித்த ஹோஸில் இந்தக் குழாயைச் சேர்க்கலாம். பம்ப் பழுதானாலும் எஞ்சினுக்குத் தெரியாது. இருக்கும் டீசலில் ஓடிக்கொண்டிருக்கும்.

சுவிட்சைப் போட்டுவிட்டு அணைக்க மறந்தால்? உங்கள் அளவுகள் தற்செயலாகவே இதற்குத் தோதாக அமைந்திருக்கின்றன. பழைய டேங்க் 60 லிட்டர், புதியது 40. முள் கால் டேங்குக்குக் கீழே இறங்கிய பிறகு மட்டும் பம்பைப் போடுவது என்று வழக்கப்படுத்திக்கொண்டால், 40 லிட்டரும் மொத்தமாக வந்தாலும் கொள்ளும். காலியான டேங்கில் பம்ப் வறண்டு ஓடிக் கெடாதிருக்க குறித்த நேரத்தில் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு டைமர் ரிலே போதும்.

பலர் கோட்டைவிடும் இடம் இது: ஜீப்பின் பின்தளத்தில் வைத்தால் புது டேங்க் பழையதைவிட உயரத்தில் இருக்கும். பம்பை அணைத்த பிறகும் டீசல் தானாகவே கீழே இறங்கிக்கொண்டிருக்கும். பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு இதைத் தடுக்காது. டீசல் இறங்குவதும் அதே திசையில்தானே. மின்சாரம் வந்தால் மட்டும் திறக்கும் சோலினாய்டு வால்வு ஒன்றைப் பம்பின் ஒயரிலேயே இணைத்துவிடுங்கள்.

டேங்க் செய்யும்போது பட்டறையில் ஜிஐ தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) எடுத்தால் தடுத்துவிடுங்கள். அதன் துத்தநாகப் பூச்சு டீசலில் கரைந்து இன்ஜெக்டரில் படியும். செம்புக் குழாயும் வேண்டாம். டீசலைச் சீக்கிரம் கெடுக்கும். அலுமினியம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது. உள்ளே தடுப்புத் தகடுகள் கட்டாயம்: 40 லிட்டர் டீசல் ஏறக்குறைய 34 கிலோ, அது வளைவுக்கு வளைவு அலைமோதினால் வெல்டிங் பிளந்துவிடும். புது டேங்குக்கென்று தனிக் காற்றுக்குழாயும் வேண்டும். அந்தப் பாதையில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறப் போகிறீர்கள். காற்றுப் போக வழியில்லாத டேங்க் ஏறும்போது உப்பும், பம்ப் இழுக்கும்போது ஒடுங்கும். குழாயை உயரமாகக் கொண்டுபோங்கள், நடுவில் தொய்வு விடாதீர்கள். தொய்வில் டீசல் தேங்கினால் அடைப்புதான்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்காமல் வெல்டிங்கைத் தொடங்க வேண்டாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் நோண்டுவது இதைத்தான். லேவுக்கு ஒரே ஒரு பயணம்தான் என்றால், இரண்டு 20 லிட்டர் இரும்பு ஜெர்ரி கேன்களும் ஒரு புனலும் இத்தனை வேலையையும் மிச்சப்படுத்தும்.

அனுமதி கிடைத்து டேங்கும் ஏறிவிட்டால், முதல் நாள் 5 லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். வண்டியைச் சரிவில் நிறுத்தி, அடியில் ஒரு அட்டையை விரித்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் அட்டையில் பொட்டு தெரிந்தால் கிளிப்பை மட்டும் இறுக்கிவிட்டுக் கிளம்பாதீர்கள். ஹோஸைக் கழற்றி முனையில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.